பதினெட்டு மீட்டரைக் கடக்கப் போன கதை

வெள்ளிக்கிழமை காலை 5.45. திருச்சியில் மதுரைப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மதுரைக்கு நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். மதுரைக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள், கண் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். நான் ஒரு சாலையைக் கடந்து பார்க்கப் போனேன். பையில் ஒரு மாற்றுச் சட்டை, மடிக்கணினி, ஐந்து மீட்டர் இரும்பு டேப், கோடு போட்ட நோட்டு.

பக்கத்து இருக்கைக்காரர் விராலிமலை தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார்.

"மதுரையில என்ன சோலி?"

"ஒரு ரோட்டைத் தாண்டணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாட்டுத்தாவணி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விவரமாகச் சொல்லியிருந்தால் இன்னும் பயந்திருப்பார்.

விவரம் இதுதான். நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவன். அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்தே இருபது வருடமாகச் சோறு தின்கிறேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் கணினியில் இன்னொரு வேலை, சம்பளமில்லாதது. இணையத்தில் எல்லோரும் சேர்ந்து வரையும் உலக வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் தெரு வரையலாம், குளம் வெட்டலாம், பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர் எழுதலாம். நான் அதில் நடப்பவர்கள் கட்சி. சாலையைக் கடக்கும் இடங்களையும் நடைபாதைகளையும் மட்டுமே குறிப்பேன். ஒவ்வொரு கடப்புக்கும் குறிச்சொற்கள் உண்டு. கோடு போட்டிருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா, நடுவில் நிற்க இடம் உண்டா, விளிம்பு எவ்வளவு உயரம், பார்வையில்லாதவர்கள் காலால் உணர்ந்து நடக்கும் மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்களா என்று எல்லாவற்றையும் எழுதலாம். கைபேசிச் செயலிகள் அதைப் படித்துத்தான் நடப்பவர்களுக்கு வழி சொல்கின்றன.

போன வருடம் மதுரையில் நாற்பத்தொரு கடப்புகளைக் குறித்தேன், மதுரைக்குப் போகாமலே. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினால் சாலையில் வெள்ளைப் பட்டைகள் தெரியும். பட்டை தெரிந்தால் ஜீப்ரா கோடு. பக்கத்தில் கம்பத்தின் நிழல் விழுந்திருந்தால் சிக்னல். ஒரு கடப்புக்கு இருபது வினாடி. டீயைக் குடித்துக்கொண்டே ஒரு ஊரையே கடக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு ரொம்பப் பெருமை.

பிறகு ஒரு நாள், பசுமலைக்கு அருகே திருப்பரங்குன்றம் சாலையில் நான் போட்ட கடப்பின்மேல் ஒரு குறிப்பு ஒட்டப்பட்டிருந்தது. வரைபடத்தில் தவறு கண்டால் யாரும் அப்படிக் குறிப்பு எழுதலாம். சரி செய்ததும் அதை மூடிவிடுவது வழக்கம். குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: "இதைப் போட்டவர் இந்த ரோட்டைக் கடந்து பார்த்திருக்கிறாரா? நான் கடந்து பார்த்தேன். கை உடைந்துவிட்டது. சுகந்தி."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிழை திருத்துபவனிடமே பிழை கண்டுபிடித்தால் வரும் கோபம் அது. இரண்டு நாள் கழித்துத்தான் வெட்கம் வந்தது. பதில் எழுதினேன். அவர் எண்ணை அனுப்பினார். பேசினேன். சுகந்திக்கு முப்பத்திரண்டு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பசுமலை அருகே ஒரு தனியார் அலுவலகத்தில் தொலைபேசிப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். "போன்ல மன்னிப்புக் கேக்குறதெல்லாம் வேணாம் சார். ஒருவாட்டி வந்து கடந்து பாருங்க" என்றார். அதற்குத்தான் போனேன்.

காலை 8.40. மாட்டுத்தாவணியில் இறங்கி, இட்லி தின்றுவிட்டு, பெரியார் நிலையத்துக்கு நகரப் பேருந்து. அங்கிருந்து திருப்பரங்குன்றம் பேருந்து. பத்தேகாலுக்குச் சுகந்தி சொன்ன நிறுத்தத்தில் இறங்கினேன். கைபேசி அடித்தது.

"வந்துட்டீகளா சார்? நான் எதிர்த்தாப்புல ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன். பச்சைச் சுடிதார். வாங்க."

தெரிந்தார். பதினெட்டு மீட்டர் தள்ளி, இடது கையில் வெள்ளைக்கோல், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எனக்கு நேர் முன்னால் நான் குறித்த கடப்பு. செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை. ஜீப்ரா கோடு இருந்தது. கம்பமும் இருந்தது. கம்பத்தின் உச்சியில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு, நின்று போன கடிகாரத்தில் துடிக்கும் முள் மாதிரி, சும்மா விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பும் பச்சையும் கண்ணாடியோடு போய்விட்டன. வெள்ளைக் கோடுகள் நான் நின்ற இடத்திலிருந்து ஒழுங்காகப் புறப்பட்டுச் சாலையின் நடுவரை போயின. நடுவில் சென்டர் மீடியன். இடுப்பளவு கான்கிரீட் சுவர், அதன்மேல் இரும்புக் கிராதி. கோடுகள் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்து சுகந்தியின் காலடிவரை போயின.

முதலில் கோடு, பிறகு சுவர் என்று வைத்துக்கொண்டாலும், சுவர் வைத்தவனுக்குக் கண் இருந்திருக்குமே. சுவர் வைத்த பிறகு கோட்டுக்கு மறுபடியும் சாயம் பூசியிருந்தார்கள். புதுச் சாயம் சுவரின் அடியிலும் ஒரு விரல் அளவுக்குத் தெறித்திருந்தது. அதாவது ஒரு ஆள் தூரிகையோடு சுவர்வரை வந்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பூசியிருக்கிறார். அந்த ஆளைச் சொல்லிப் பயனில்லை. அவருக்கு மேஸ்திரி சொன்னது கோடு. மேஸ்திரிக்குத் தாளில் இருந்தது கோடு. எனக்குப் படத்தில் தெரிந்தது கோடு. இத்தனை பேரில் ஒருவர்கூட அந்தக் கோட்டின்மேல் நடக்கவில்லை.

பாதிச் சாலை போய்ப் பார்த்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்த அடியில் சட்டை பறந்தது. ஐம்பது வயதில் கிராதி ஏறிக் குதிக்கும் தைரியம் எனக்கில்லை. திரும்பி ஓடி வந்தேன். ஒரு ஆட்டோ தானாகவே வந்து பக்கத்தில் நின்றது.

"எங்கண்ணே போகணும்?"

"எதிர்ப்பக்கம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஏறுங்க. அறுவது ரூவா."

"ஏம்ப்பா, இங்க இருக்கு!"

"இங்கதாண்ணே இருக்கு. நடுவுல செவரு இருக்குல்ல? மேல போய் யூ டர்ன் அடிச்சுத்தான் வரணும். தெனம் அஞ்சாறு சவாரி இந்த எடத்துல எனக்கு இப்படித்தான் ஓடுது."

திருப்பம் ஒன்றே கால் கிலோமீட்டர்கூட இல்லை, போகவர 2.2 என்று என் கைபேசி சொன்னது; ஆட்டோவில் மீட்டர் இல்லை. சுகந்தியின் முன்னால் இறங்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "எம்புட்டு நேரம் ஆச்சு சார்?"

"பதினேழு நிமிஷம்."

"ஆட்டோவா? சத்தம் கேட்டுச்சு. அன்னைக்கு எனக்கு அந்தப் புத்தி வரல பாருங்க."

அலுவலகத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்று அன்றைய கதையைச் சொன்னார். சேர்ந்த முதல் வாரம் தம்பி மாயாண்டி பைக்கில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். இரண்டாவது வாரத் திங்கள்கிழமை தனியாகப் பேருந்தில் வந்திருக்கிறார். இறங்கியதும் செயலி காதில் சொல்லியிருக்கிறது: சிக்னல் உள்ள கடப்பு, பதினெட்டு மீட்டர், நேராகச் செல்லவும். என் குறிச்சொல், எழுத்துப் பிசகாமல். சத்தம் அடங்கக் காத்திருந்து நேராகப் போயிருக்கிறார். கோல் சுவரில் இடித்தது. வழி தவறிவிட்டோம் என்று நினைத்து வலப்பக்கம் தடவிப் பார்த்தார், சுவர். இடப்பக்கம், சுவர். செயலி திரும்பத் திரும்பச் சொன்னது: நேராகச் செல்லவும். திரும்பி ஓர் அடி வைத்தபோது மோட்டார் சைக்கிள் இடித்தது.

"அந்தாளு எறங்கி வந்து, 'கண்ணு தெரியலைன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதானே'ன்னான். நான் அவன்மேல கோவப்படல சார். போன்ல ஒரு பொம்பளக் குரல் 'நேராகச் செல்லவும்'னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு பாருங்க, அதும்மேலதான் கோவம்."

அந்தக் குரலுக்கு வசனம் எழுதியவன் நான்.

இப்போது நிலைமை என்ன என்றால், காலையில் மாயாண்டிதான் கொண்டுவந்து விடுகிறான். மாலையில் தொல்லையில்லை, ஊருக்குள் போகும் பேருந்து அலுவலகப் பக்கமே நிற்கும். மாயாண்டி வேலை பார்க்கும் லேத் பட்டறையில் தினமும் தாமதமாக வருகிறான் என்று முதலாளி முறைக்கிறார். மாதக் கடைசிவரைதான் முடியும் என்று சொல்லிவிட்டான். அலுவலகத்திலும் நாசூக்காகக் கேட்டுவிட்டார்கள், தனியாக வந்து போக முடியுமா முடியாதா என்று. மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள். ரோட்டு அலுவலகத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். "கடக்கும் வசதி ஏற்கெனவே செய்து தரப்பட்டுள்ளது" என்று பதில் வந்திருக்கிறது.

"செவரு அவுகளே கட்டிப்புட்டு, வசதி இருக்குன்னு அவுகளே சொல்றாக சார். கண்ணு தெரியாதது எனக்கா அவுகளுக்கா?"

மாலை 5.30. அலுவலகம் விட்டதும் அவரோடு நிறுத்தம்வரை நடந்தேன். நூற்று நாற்பது மீட்டர். இந்தப் பக்கத்து நடைபாதையையும் நான்தான் குறித்திருந்தேன்: அகலம் ஒன்றரை மீட்டர், மஞ்சள் ஓடு உண்டு. டேப்பைப் பிரித்தேன். ஒன்றரை மீட்டர் சரி. அதில் ஒரு ஜவுளிக்கடையின் ஜெனரேட்டர், வரிசையாகப் பதினான்கு பைக்குகள், டீக்கடையின் பெஞ்சு, மூடியில்லாத சாக்கடைக் குழி ஒன்று. மிச்சம் நடக்க முப்பத்தெட்டு சென்டிமீட்டர். மஞ்சள் ஓடு இருந்தது. அதன் மேல் கால் வைத்து நேராகப் போனால் டிரான்ஸ்பார்மர் வேலிக்குள் போய் முடிகிறது. வேலியில் மண்டையோட்டுப் படம் மாட்டியிருந்தார்கள். யாருக்காக அந்தப் படம்? மஞ்சள் ஓட்டைக் காலால் தடவிக்கொண்டு வருகிறவருக்குப் படம் தெரியாது, தெரிகிறவர் ஓட்டின்மேல் வரமாட்டார்.

"இத என்னன்னு போடப் போறீக?" என்றார் சுகந்தி.

"நடைபாதை உண்டுன்னுதான் போட்டிருக்கேன்."

"உண்டுன்னும் போடாதீக, இல்லைன்னும் போடாதீக. நடைபாதை மாதிரின்னு போட எடம் இருக்கா?"

அப்படி ஒரு குறிச்சொல் இல்லை. இருந்திருந்தால் நம் மாநிலம் முழுவதற்கும் அது ஒன்றே போதும்.

சனிக்கிழமை காலை 9.00. வாரக் கடைசியில் சுகந்தி ஊருக்குப் போவார். "எங்கூர்ல எப்படிக் கடக்கிறோம்னு பாத்துட்டுப் போங்கண்ணே" என்று கூப்பிட்டிருந்தார். ஒரே நாளில் சாரிலிருந்து அண்ணனாகிவிட்டிருந்தேன். மதுரையிலிருந்து உசிலம்பட்டி முப்பத்தெட்டு கிலோமீட்டர், அதற்கப்பால் தேனிச் சாலையில் ஐந்து கிலோமீட்டரில் அவர் ஊர். மானாவாரி நிலம், இருபுறமும் சோளத்தட்டை அடுக்கிய படப்பு, வெயில் காயும் வெளி. ஊர் சாலைக்கு வடக்கே, பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் சாலைக்குத் தெற்கே. இங்கே கோடும் இல்லை, சுவரும் இல்லை. லாரிகள்தான் இருந்தன.

மாலை 4.30. சாலையோரத்தில் காட்டு வேலை முடித்த ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளியோடு சும்மா நின்றார்கள். சாலை காலியாக இருந்த நேரத்திலும் கடக்கவில்லை. கேட்டேன்.

"மாடு வரட்டும்" என்றார் ஒரு அம்மா.

"மாடு எதுக்கும்மா?"

"மாட்டுக்குத்தானய்யா லாரிக்காரன் நிப்பான்? மனுசிக்கு நிப்பானா?"

கால்மணி நேரத்தில் மேய்ச்சல் முடிந்து மாடுகள் வந்தன. இருபது உருப்படி இருக்கும். முதல் மாடு தார்ச்சாலையில் கால் வைத்ததும் இருபக்கமும் வண்டிகள் நின்றன. தேனிப் பேருந்து நின்றது. பின்னால் ஒரு கார்க்காரர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பெண்கள் மாடுகளுக்கு நடுவில் புகுந்து, பேச்சை நிறுத்தாமல், நிதானமாகக் கடந்தார்கள். சுகந்தி ஒரு செவலைப் பசுவின் முதுகில் கை வைத்துக்கொண்டு கடந்தார். கோலைக்கூட விரிக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு இப்படித்தாண்ணே போனேன், காலையில மேய்ச்சலுக்குப் போற மாடுகளோட. மாடு பிந்துனா நானும் பிந்துவேன். வாத்தியார் அடிப்பாரு."

"ஏன் மாட்டுக்கு மட்டும் நிக்கிறாங்க?"

தூக்குவாளி அம்மா என்னை ஒரு விவரமில்லாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மாடு மேல ஏத்துனா வண்டி நசுங்கும்ல? அம்புட்டுத்தேன்."

நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். கோடு: இல்லை. சிக்னல்: இல்லை. விளிம்பு: இல்லை. ஆனால் என் நாற்பத்தொரு கடப்புகளில் எதையும்விட இது பத்திரமான கடப்பு. இதைப் படத்தில் எப்படிப் போடுவது? மாடு என்று ஒரு கட்டம் கிடையாது. கடைசியில் "கோடில்லாத கடப்பு" என்று குறித்து, விளக்கத்தில் "மாலை 4.45 வாக்கில் மாடுகளோடு கடக்கலாம்" என்று எழுதினேன். எழுதும்போது சிரிப்பு வந்தது. எழுதி முடித்ததும் அதை மறுபடி படித்தேன். ஒரு குடிமகளுக்குச் சாலையைக் கடக்க மாட்டின் சிபாரிசு வேண்டியிருக்கிறது, அதை நான் மேலதிகத் தகவலாக உலகத்துக்குப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.

ஞாயிறு மாலை 6.00. பழங்காநத்தத்தில் மாயாண்டியின் வீடு. சுகந்தி மதுரையில் தங்குவது இங்கேதான். ஒரு அறை, அதில் பாதி கட்டில். தரையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தேன். பசுமலைக் கடப்பை அழித்துவிடப் போகிறேன் என்றேன். அதுதான் யோக்கியமான காரியம் என்று நினைத்தேன். முந்தின இரவே வரைபடக்காரர்களின் விவாதப் பக்கத்தில் கேட்டுவைத்திருந்தேன், நடுவில் சுவர் உள்ள ஜீப்ரா கோட்டை எப்படிக் குறிப்பது என்று. குளிர்நாடு ஒன்றிலிருந்து ஒரு அன்பர் பதில் போட்டிருந்தார்: தரையில் கோடு இருக்கிறதா, இருந்தால் அது கோடு போட்ட கடப்பு, இதில் என்ன குழப்பம்? அவர் ஊரில் கோடு போட்டால் கார் நிற்கும். அந்த மனிதருக்கு நம் ஊரை விளக்க முற்பட்டு மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். எழுதியதெல்லாம் வசவாக இருந்தது.

"அழிச்சுட்டா?" என்றார் சுகந்தி.

"அந்த இடத்துல கடப்பு இருக்காது. யாரும் ஏமாற மாட்டாங்க."

"செவருண்ணே?"

"சுவர் இப்ப படத்துல இல்ல."

"அதத்தான் கேக்குறேன். ரோடு இருக்கு, பஸ் ஸ்டாப் இருக்கு, என் ஆபீஸ் இருக்கு. செவரு மட்டும் இல்ல. நீங்க உங்க தப்ப அழிச்சுட்டுப் போயிருவீக. அவுக தப்பு?"

கட்டிலில் படுத்திருந்த மாயாண்டி எழுந்து உட்கார்ந்தான். "அக்கா சொல்றது கரெக்ட்டுண்ணே. கோடு இருக்கு, நடுவுல செவரு இருக்கு, சிக்னல் செத்துப்போச்சு. உள்ளத உள்ளபடி எழுதுங்க."

அரை மணி நேரம் உள்ளதை உள்ளபடி எழுதினேன். சென்டர் மீடியனை அதன் முழு நீளத்துக்கும் தடுப்புச் சுவராக வரைந்தேன்: உயரம் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர், மேலே கிராதி, இடைவெளி இல்லை. ஜீப்ரா கோட்டை வைத்திருந்தேன், ஆனால் இரண்டு துண்டாக, சுவரில் முட்டி நிற்கும்படி. சிக்னல்: இயங்கவில்லை. நடந்து செல்ல: வழியில்லை. நடைபாதைக்கு அகலம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று போட்டேன். மஞ்சள் ஓடு உண்டு, டிரான்ஸ்பார்மரில் முடிகிறது. நான் இதுவரை செய்த திருத்தங்களிலேயே அதிகக் கோபத்தோடு செய்த திருத்தம் இதுதான், ஆனால் ஒரு வார்த்தையும் மிகையில்லை. சுகந்தியின் பழைய குறிப்பை மூடட்டுமா என்று கேட்டேன்.

"நான் கடந்துட்டனா?" என்றார் சுகந்தி. மூடவில்லை.

திங்கள் காலை 11.00. ரோட்டு அலுவலகம். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. எந்த ஊர்க்காரர் படித்தாலும் அவர் ஊர் அலுவலகம் மாதிரியே இருக்கும். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு பொறியாளர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. சுகந்திக்கு நாற்காலி போடச் சொன்னார். கையைப் பார்த்து "அடடா" என்றார். பிறகு கோப்பை எடுத்தார்.

"ஆனா பாருங்கம்மா, அங்க கிராசிங் குடுத்திருக்கோமே. பதில்லயே மேப் வெச்சு அனுப்பியிருந்தோமே, பாக்கலயா?"

"என்னால பாக்க முடியாது சார்" என்றார் சுகந்தி.

பொறியாளர் கோப்பை என் பக்கம் திருப்பினார். கணினித் திரையிலிருந்து எடுத்து அச்சிட்ட ஒரு தாள். என் வரைபடம். என் கடப்பு. பக்கத்தில் சிறிய எழுத்தில் என் குறிச்சொற்கள்: கோடு உண்டு, சிக்னல் உண்டு. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், ஓரத்தில் "சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு கையெழுத்து.

அச்சுக்குப் போன புத்தகத்தில் நான் விட்ட பிழைகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவை புத்தகத்தோடு நின்றுவிடும். இந்தப் பெண்ணின் கையை உடைத்தது போதாதென்று, அவர் மனுவையும் தள்ளுபடி செய்திருக்கிறேன், திருச்சியில் டீ குடித்துக்கொண்டே.

"சார், இதை வரைஞ்சது நான். தப்பா வரைஞ்சுட்டேன்."

"நீங்களா? நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

"எந்த டிபார்ட்மெண்டும் இல்ல. அச்சகத்துல பிழை திருத்துறேன்."

பொறியாளர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். சுகந்தி அதற்குள் கைபேசியை மேசைமேல் வைத்து, நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்கு நடைவழி கேட்டார். நேற்றுச் செய்த திருத்தங்கள் இரவோடு இரவாகச் செயலிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அதே பெண் குரல், அதே நிதானம்: "இரண்டு புள்ளி இரண்டு கிலோமீட்டர். முப்பத்தோரு நிமிடம்."

"அவ்வளவு தூரமா? எதிர்லதானே இருக்கு?" என்றார் பொறியாளர்.

"அதத்தான் சார் நானும் மனுவுல எழுதியிருந்தேன்."

"இந்த மேப்பை யார் வேணா மாத்தலாமா?"

"மாத்தலாம்" என்றேன்.

"அப்ப இதை எப்படி நம்புறது?"

"அப்ப அதை எப்படி சார் நம்புனீங்க?" என்று தாளைக் காட்டினேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே தட்டச்சு நின்றது. "அங்கிருந்து உங்க ஆபீஸுக்கு நாலு கிலோமீட்டர் சார். நான் நூத்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி உக்காந்து போட்ட கோட்டை வெச்சு, நாலு கிலோமீட்டர்ல இருக்கிற சுவரை இல்லைன்னு சொல்லிட்டீங்களே!"

சுகந்தி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: "சார், ஒருவாட்டி எங்கூட வந்து கடந்து பாக்குறீகளா?"

வந்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஜீப்பில் வந்து நிறுத்தத்தில் இறங்கி, சுகந்தியோடு கோட்டின்மேல் நின்றார். சுவர்வரை போனார்கள். பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்த்தார், யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது போல. திரும்பி வர நான்கு நிமிடம் ஆனது, ஒரு வண்டியும் நிற்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு "கட்டாயம் நடவடிக்கை எடுக்கிறேம்மா" என்றார். அவருக்கு எதிர்ப்பக்கத்தில் வேறு ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. ஜீப்பில் ஏறி யூ டர்னை நோக்கிப் போனார்.

அன்று மாலை ஐந்து மணி வண்டியில் திருச்சிக்குக் கிளம்பினேன். மேலூர் தாண்டும்வரை கோபம் அடங்கவில்லை. யார்மேல் என்பதுதான் தெரியவில்லை. சுவர்மேல், சாயம்மேல், சிவப்பு வட்டத்தின்மேல் என்று ஒவ்வொன்றாக நகர்ந்து என்னிடமே வந்து நின்றது. வீட்டுக்குப் போனதும் மிச்சமிருந்த நாற்பது மதுரைக் கடப்புகளிலும் "நேரில் பார்க்கவில்லை" என்று எழுதினேன். மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு என் தெருமுனைக்குப் போனேன். அங்கேயும் ஒரு கடப்பு போட்டிருந்தேன். தினமும் பைக்கில் அதன்மேல் போகிறவன், நடந்து கடந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் நின்றேன். ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. மதுரையை விடத் திருச்சி ஒரு முழம்கூட உசத்தி இல்லை.

மாதம் முடிந்து இரண்டாவது வாரம் சுகந்தி அழைத்தார். கட்டுப் பிரித்தாயிற்றாம்.

"அண்ணே, நடவடிக்கை எடுத்துட்டாக. லெட்டர் வந்துருக்கு."

"சுவரை இடிச்சுட்டாங்களா?"

"கோட்ட அழிச்சுட்டாக. ஜீப்ரா மேல தாரப் பூசிட்டாகளாம், தம்பி பாத்துட்டு வந்தான். 'வரைபடத்துக்கும் சாலைக்கும் இருந்த முரண்பாடு நீக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்காக. கம்பத்துல எரிஞ்ச வெளக்கையும் கழட்டிட்டாக."

வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"போய்க்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு மணி நேரம் முன்னாடி கெளம்புறேன். என் ஸ்டாப்புல எறங்குறதில்ல. அதே பஸ்ஸுல திருப்பரங்குன்றம் வரைக்கும் போயி, அது திரும்புற வரைக்கும் உள்ளயே உக்காந்திருந்து, திரும்பி வர்றப்ப ஆபீஸ் பக்கம் எறங்கிக்கிறேன். பொம்பளைகளுக்கு ஓசி டிக்கெட்டுங்கிறதால ஆச்சு. மொத நாளு கண்டக்டர் எங்கம்மா போகணும்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"எதிர்த்தாப்புலன்னேன்."